கைராசிக்கு ஒரு தோள்

என் வீட்டுக்காரருக்கு 'நல்லா இல்லை' என்ற வார்த்தை வாயில் வராது. கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்பே இல்லையென்று பந்தி முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருக்கும். பரிமாறுகிறவர் வந்து கேட்டால் இவர் மட்டும் "பிரமாதம்ங்க" என்பார். ஒரு தடவை தையல்காரர் சட்டையின் ஒரு கையைக் குட்டையாகத் தைத்துவிட்டார். அதையே போட்டுக்கொண்டு அவர் கடை வாசலில் போய் நின்று, "அளவு கச்சிதம்" என்று சொல்லிவிட்டு வந்த மனுஷன். நான் சத்தம் போட்டால், "அவுங்க பொழைப்பு நம்ம வாயில இருக்கு. நல்லதா ரெண்டு வார்த்தை சொன்னா நமக்கு என்ன கொறைஞ்சா போயிரும்?" என்பார். குறைந்துதான் போனது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அரிமளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் டீச்சர். அவர் தனியார் பஸ் டிரைவர். புதுக்கோட்டையில் எடுத்து, திருமயம் வந்து, அரிமளம் போகிற வண்டி. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அதே லைன்தான். ஸ்டாப் இல்லாத இடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை கை காட்டினாலும் நிறுத்துவார். வண்டியை விட்டு இறங்கினால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. லீவு நாளில்கூட சாப்பிட்டதும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் நின்றுவிட்டுத்தான் வருவார். "ஒங்களுக்கு வாக்கப்பட்டதுக்கு அந்த வண்டிக்கு வாக்கப்பட்டிருக்கலாம்" என்று நான் கேலி பண்ணுவதுண்டு.

அவருக்கு வலது தோளில் வலி வந்தது. முதலில் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போது மட்டும் என்றார். பிறகு படுத்தால் வலி, உட்கார்ந்தால் வலி என்றானது. நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தோம். நீவிவிடுகிறவரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மருந்துக் கடைக்காரர் கொடுத்த மாத்திரையில் வயிறு எரிந்ததுதான் மிச்சம். ஒரே ஒரு விதத்தில்தான் அவருக்குச் சுகம் கிடைத்தது. வலது கையைத் தூக்கி உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்துக்கொள்வார். அப்படி வைத்தால் வலி இறங்கிவிடும் என்று அவரே கண்டுபிடித்திருந்தார்.

அதற்கும் வழியில்லாமல் போனது. எங்கள் பக்கத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்தால் ஆகாது. குடி முழுகிப்போன வீட்டில்தான் அப்படி உட்காருவார்கள். என் நாத்தனார், அவருடைய அக்கா, எங்களுக்கு அடுத்த வீடு. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பால்யத்திலேயே அம்மா போய்விட, இவரை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி கத்துவார்.

"டேய், தலையில இருந்து கைய எடுறா! வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன ஒக்காந்திருக்க? வீடு வெளங்குமா?"

இவர் சட்டென்று கையை இறக்கிவிடுவார். இறக்கியதும் முகம் ஒரு கணம் சுருங்கும். அக்காவைப் பார்த்துச் சிரிப்பார்.

பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை இவர் வண்டியில்தான் பள்ளிக்கூடம் போனான். ஓடிவருகிற அவனுக்காக எத்தனையோ நாள் வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறார் இவர். இவரை 'மாமா' என்றும் என்னை 'அத்தை' என்றும் கூப்பிடுவான். டாக்டர் படிப்புக்கு மேலே, வலிக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பு ஒன்றையும் படித்து முடித்துவிட்டு, புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் சொந்தமாக ஒரு கிளினிக் தொடங்கினான். மூட்டுக்குள் ஊசி போடுவதுதான் அவனுக்கு முக்கியமான வேலை. குத்துமதிப்பாகக் குத்துகிற ஊசி இல்லை. வயிற்றில் பிள்ளையைப் பார்க்கிற ஸ்கேன் இருக்கிறதே, அதையே தோளில் வைத்துத் திரையில் பார்த்துக்கொண்டே போடுவது. திறப்பு விழாவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தான். இவர் தோளைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "கண்டிப்பா வாங்க மாமா, நானே பார்க்கிறேன்" என்றான்.

போனோம். விடியற்காலையிலேயே ஹோமம் முடித்துப் பால் காய்ச்சியிருந்தார்கள். சுவரில் பெயின்ட் வாசனை போகவில்லை. உள் அறையில் அந்த ஸ்கேன் மிஷின் நின்றது. அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. காலடியில் எலுமிச்சம்பழம். புது டிராக்டருக்குச் செய்கிற அத்தனையும் செய்திருந்தார்கள். பையனுடைய அம்மா பட்டுச்சேலையில் அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருந்தார். கணவர் இல்லாமல் தனியாக நின்று மகனைப் படிக்கவைத்த மனுஷி. அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தபோது அந்த அம்மா வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, இங்கிட்டு வாங்க. எம்மகன் மொதல் ஊசிய நம்ம ஊரு ஆளுக்குத்தான் போடணும். நீங்க ஏத்திக்கிட்டுப் போயித்தான் அவன் படிச்சான். நீங்கதான் மொதல் போணி."

பையன் தயங்கினான். "இன்னைக்கு வேணாம்மா. நாளைக்கு வரச்சொல்லி நெதானமாப் பார்க்கிறேன்."

"நல்ல நேரம் முடியிறதுக்குள்ள ஒண்ணு போட்டுருப்பா. மொதல் கை நல்லபடியா அமைஞ்சுட்டா அப்புறம் எல்லாம் தானா வரும்."

கடைக்கு முதல் வியாபாரம் எப்படியோ, எங்கள் ஊர்களில் டாக்டருக்கு முதல் நோயாளி அப்படி. அன்றைக்கு அமைந்துவிட்டால் 'கைராசிக்கார டாக்டர்' என்று பேர் வந்துவிடும். அமையாமல் போனால், எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும், "கை ராசியில்லப்பா" என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்தப் பேச்சு ஒரு தடவை கிளம்பிவிட்டால் பிறகு அதை யாராலும் அடக்க முடியாது. இவருக்கு அது நன்றாகத் தெரியும். பஸ்ஸில் நாளெல்லாம் அந்தப் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டு ஓட்டுகிறார்.

உள்ளே போனோம். நானும் கூட இருந்தேன். பையன் வெள்ளைக் கோட்டு மாட்டியதும் வேறு ஆளாகிவிட்டான். கையைத் தூக்கச் சொன்னான், முறுக்கச் சொன்னான், கழுத்தைத் திருப்பச் சொன்னான். தோளில் கூழ்போல ஒன்றைத் தடவி, கருவியை வைத்து உருட்டினான். திரையில் சாம்பலும் கறுப்புமாக ஏதேதோ நெளிந்தது.

"மாமா, நல்லாக் கேட்டுக்குங்க" என்றான். "ஒங்க தோள்ல ஒரு தசைநார் லேசாக் கிழிஞ்சிருக்கு. ஆனா இந்த வயசுல நெறையப் பேருக்கு இப்படிக் கிழிசல் இருக்கும், வலியே இருக்காது. ஒங்க வலி இங்கயிருந்துதான் வருதா, இல்ல கழுத்து நரம்புல இருந்து வருதான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. அதனால மொதல்ல மரத்துப்போற மருந்து மட்டும் போடுறேன். வலி தோள்லதான்னா கொஞ்ச நேரத்துல போயிரும். போகலைன்னா கழுத்தைப் பார்க்கணும். போகலைன்னு நீங்க சொன்னாலும் எனக்கு அது நல்ல பதில்தான். உள்ளத உள்ளபடி சொல்லணும்."

இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஊசி உள்ளே போவதைத் திரையில் பார்த்தேன். வெள்ளைக் கோடாக ஒன்று சாய்வாக இறங்கி, சரியாக அவன் காட்டிய இடத்தில் நின்றது. மருந்து பரவுவதுகூடத் தெரிந்தது. என்ன திறமை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தக் கையில் குறையே இல்லை.

கொஞ்ச நேரம் காத்திருந்தோம். வாசல் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. திரைச்சீலை ஓரமாக அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார், இரண்டு கையும் நெஞ்சில் சேர்த்தபடி. வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பின்னால் அவர்கள் உறவு ஜனம்.

"இப்பத் தூக்குங்க மாமா."

இவர் கையைத் தூக்கினார். பக்கவாட்டில், தோளுக்கு மேலே, காதை ஒட்டி நேராக வானத்தைப் பார்த்து. "சுத்தமா இல்லப்பா! எங்க போச்சுன்னே தெரியல" என்றார்.

"நெசமாவா? பாதி கொறைஞ்சிருக்கா, முழுசாவா?"

"முழுசா. ஒன் கை பட்டதும் ஓடிப்போச்சு."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ குலவை போட்டார்கள். அந்த அம்மா உள்ளே வந்து இவர் கையில் ஒரு கிண்ணம் கேசரியைத் திணித்துவிட்டு அழுதார். இவர் மேலுதட்டில் வியர்வை பொடித்திருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஊசிக்குப் பயந்துவிட்டார் போல என்று நினைத்து என் முந்தானையில் துடைத்துவிட்டேன். வலி தோளில்தான் என்று உறுதியாகிவிட்டதால், அதே இடத்தில் வீக்கம் குறைக்கிற மருந்தையும் போட்டு, பயிற்சியும் சொல்லி அனுப்பினான் பையன்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பேர் உண்டு. எந்தப் பிள்ளைக்கு நிஜமான வயிற்றுவலி, எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை வயிற்றுவலி என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மற்ற டீச்சர்கள் என்னிடம்தான் கூட்டிவருவார்கள். ஆனால் என்னிடம் வந்த பிள்ளைகள் எல்லாம் இல்லாத வலியை இருப்பதாகச் சொன்னவர்கள். இருக்கிற வலியை இல்லையென்று சொல்கிற ஆளைக் கண்டுபிடிக்க எனக்குப் பழக்கமில்லை.

பேர் பரவியது. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். "டிரைவரண்ணே, திருக்கோகர்ணத்து டாக்டரு ஒங்களுக்கு ஒரே ஊசியில சரிபண்ணிட்டாராமே?" இவர் வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு, கையைத் தூக்கிக் காட்டுவார். டீக்கடையில் காட்டினார். கோயில் வாசலில் காட்டினார். என் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு வந்தபோதுகூட ஒரு பிள்ளையின் அப்பாவுக்குக் காட்டினார். பார்த்தவர்கள் அந்தக் கிளினிக்குக்குப் போனார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவர்களில் நிறையப் பேருக்கு உண்மையிலேயே சரியானது. காய்கறிக் கடை அம்மா ஒருவர் மாதக்கணக்கில் தலை சீவ முடியாமல் இருந்தவர், தானே கொண்டை போட்டுக்கொண்டு வந்து எனக்குக் காட்டினார். அத்தனை பேரும் இவருக்கு நன்றி சொன்னார்கள்.

மறுபடி கிளினிக்கில் காட்டுவதற்குப் போனபோதும் "நல்லாருக்குப்பா" என்றார். நான் கேட்டாலும் "நல்லாருக்கு." தலையில் கை வைப்பதையும் நிறுத்திவிட்டார். அண்ணிக்குச் சந்தோஷம். எனக்கும்தான். கடைசி நிறுத்தத்தில் ஜனம் இறங்கிய பிறகு, காலி வண்டியின் கடைசி சீட்டில் போய்க் குனிந்து தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார் என்று கண்டக்டர் சொன்னது ரொம்பப் பிற்பாடு. "எதுக்குண்ணே இப்படி?" என்று கேட்டதற்கு, "வீட்ல சொல்லிராதப்பா" என்றாராம்.

போகப் போகச் சின்னச் சின்னதாகச் சில மாறின. கொடியில் சட்டையைப் போட இடது கையை நீட்டினார். பரணில் இருந்து எதையாவது எடுக்கச் சொன்னால் ஸ்டூலைத் தேடினார். யாருக்கும் கையைத் தூக்கிக் காட்டுவது இல்லை. கேட்டால் சிரித்துவிட்டு வண்டியை எடுத்துவிடுவார். "எதுக்குங்க இடது கை?" என்று கேட்டேன். "ரெண்டு கையவும் பழக்கணும்ல" என்றார். கேட்பவள் கேனையாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்களாம். எனக்கும் அன்றைக்கு வடிந்தது.

தீபாவளி அன்று காலை. எண்ணெய் தேய்த்துவிட நான்தான் வரவேண்டும். வருஷா வருஷம் அப்படி. மணையில் உட்காரவைத்து, தலையில் எண்ணெய் வைத்து, கழுத்து, முதுகு என்று இறங்கி வலது தோளுக்கு வந்தேன். என் கை வழுக்கிக்கொண்டு கீழே போனது. டிரைவர் தோள் அது, உருண்டையாகத் திமிறிக்கொண்டு நிற்கும். அங்கே ஒன்றுமில்லை. எலும்பு முனை தட்டியது, அதற்குக் கீழே பள்ளம். இடது தோளைத் தொட்டேன். அது பழையபடியே இருந்தது.

"என்னங்க இது?"

"என்னது?"

"கையைத் தூக்குங்க."

"பண்டிகை நாளும் அதுவுமா..."

"தூக்குங்கன்னா தூக்குங்க!"

தூக்கினார். இடுப்பைத் தாண்டிக் கொஞ்சம் வந்தது. பிறகு அந்தக் கை நடுங்கிக்கொண்டே நின்றது. அதற்கு மேல் வரவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். என் கையில் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றேன். தெருவில் வெடிச் சத்தம். இந்தக் கையை வைத்துக்கொண்டு இத்தனை நாள் அவ்வளவு ஜனத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

பண்டிகை முடிந்து கிளினிக் திறந்த உடனே கூட்டிக்கொண்டு போனேன். சட்டையைக் கழற்றியதும் பையன் முகம் வெளுத்துவிட்டது. "எப்ப இருந்து மாமா?" என்றான். "இப்பத்தான்... ஒரு ரெண்டு நாளா" என்றார் இவர். சதை வற்றி எலும்பு தெரிகிற தோளை வைத்துக்கொண்டு ரெண்டு நாளாம். பையனுக்கு அது தெரியாதா? கழுத்துக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லி, கையோடு திருச்சிக்கு அனுப்பினான். இனி வண்டி ஓட்டவே கூடாது என்றும் சொன்னான். இவர் அதற்கும் "சரிப்பா" என்றார். வெளியே வந்து, ஆட்டோவில் ஏறும்போது, "அது சரி, சாயங்கால டிரிப்புக்கு யாரு போவா?" என்று என்னிடம் கேட்டார்.

திருச்சியில் பார்த்தது ஒரு வயதான டாக்டரம்மா. கறாரான ஆள். கழுத்து ஸ்கேனைப் பார்த்தார். எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்கிக்கொண்டிருக்கிறது என்றார். தோளிலும் அந்தக் கிழிசல் இருக்கிறது. பையன் கொடுத்தனுப்பிய கடிதத்தைப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"ரெண்டு எடத்துலயும் கோளாறு இருக்கு. கை பலம் போனதுக்குக் கழுத்துதான் காரணம்னு தோணுது. ஆனா தோள்ல மரப்பு ஊசி போட்டதும் வலி முழுசாப் போச்சுன்னு எழுதியிருக்காரு. அப்படின்னா வலி தோள்லதானே? எனக்கு ஒத்துவரல. இன்னொரு தடவை போட்டுப் பார்த்துருவோம்."

அதே மாதிரி மிஷின், அதே மாதிரி வெள்ளைக் கோடு. பொட்டு, பூ மட்டும் இல்லை. காத்திருந்தோம். டாக்டரம்மாவே அவர் கையைத் தாங்கி மெதுவாகத் தூக்கினார்.

"இப்ப எப்படி இருக்குங்க?"

இவர் வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. டாக்டரம்மாவைப் பார்த்தார். "பரவாயில்லைங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "பரவாயில்லைன்னா என்னங்க அர்த்தம்? வலிக்குதா வலிக்கலையா? டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் பொய் சொல்லக்கூடாதுன்னு பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். வாயத் தொறந்து சொல்லுங்க!" என்று கத்தினேன். கத்தும்போதே தெரிந்தது, கத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று. திரையில் எலும்பு தெரிகிறது, நார் தெரிகிறது, ஊசி முனை தெரிகிறது. வலி எங்கே தெரிகிறது? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அவர் சொன்னால் உண்டு, இல்லையென்றால் இல்லை. எனக்கும் சரி, அந்த டாக்டரம்மாவுக்கும் சரி, அந்த மனுஷன் நாக்கை விட்டால் வேறு கதியில்லை.

டாக்டரம்மா என்னைக் கையமர்த்தினார். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, எனக்கு இது மொதல் ஊசி இல்ல. நீங்க நல்லாருக்குன்னு சொன்னாலும் எம்பொழைப்பு நடக்கும். நல்லா இல்லன்னு சொன்னாலும் நடக்கும். எனக்காகச் சொல்லாதீங்க."

அவர் தலை குனிந்துகொண்டார். பிறகு, "அப்படியேதாங்க இருக்கு" என்றார். "கொஞ்சங்கூடக் கொறையல."

"அன்னைக்கு?" என்று நான் கேட்டேன்.

"அன்னைக்கும் அப்படியேதான் இருந்துச்சு, இவளே. அந்தம்மா கையக் கும்புட்டுக்கிட்டு நிக்குது. மொதல் போணி. நான் என்னன்னு சொல்லுவேன்?"

எப்படி வைத்தால் சுகமாக இருக்கிறது என்று டாக்டரம்மா கேட்டார். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கி, மெல்லத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். மூச்சு சீராக வெளியே வந்தது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"இத அவருகிட்டக் காட்டுனீங்களா? தலையில கை வச்சா வலி கொறையுதுன்னா, அது பெரும்பாலும் கழுத்து நரம்புதான். இதச் சொல்லியிருந்தாலே அவரு அன்னைக்கே புடிச்சிருப்பாரு."

"தொறப்பு விழாவுல, புது ஆஸ்பத்திரியில போயித் தலையில கை வைக்க முடியுமாங்க?" என்றார் இவர். நிஜமாகவே கேட்டார்.

ஆபரேஷன் செய்தார்கள். செய்வதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள்: நரம்பு நசுங்கி ரொம்ப நாளாகிவிட்டது, வலி குறையும், பலம் திரும்புவதற்கு உறுதி சொல்ல முடியாது. வலி ஓரளவு குறைந்தது. கை மார்பு உயரம் வரை வருகிறது. அதோடு நின்றுவிட்டது. பயிற்சி கொடுக்கிற பெண் வந்தாள், எண்ணெய், ஒத்தடம், கரண்ட் வைப்பது எல்லாம் நடந்தது. நான் நேர்ந்துகொள்ளாத கோயில் இந்தப் பக்கத்தில் இல்லை. மார்பு உயரம்தான்.

முதலாளி நல்லவர். பஸ் ஸ்டாண்டில் நின்று டைம் பார்த்து வண்டிகளை அனுப்புகிற வேலை கொடுத்தார். தினமும் அவருடைய வண்டியையே அவர் விசில் அடித்து அனுப்புகிறார். புது டிரைவர் எப்படி ஓட்டுகிறான் என்று யாராவது கேட்டால் "பிரமாதமா ஓட்டுறான்" என்கிறார்.

அந்தப் பையனும் அவன் அம்மாவும் பழத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். திருச்சியிலிருந்து அவனுக்கு எல்லாம் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மா உள்ளே வரவே மாட்டேன் என்று வாசலிலேயே நின்று அழுதார். பையன் இவர் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டான். "ஏன் மாமா சொல்லல? போகலைன்னாலும் நல்ல பதில்தான்னு சொன்னேனே மாமா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். இவர் இடது கையால் அவன் தலையைத் தடவினார். "ஒன் கைராசி பொய்யில்லையேப்பா. எத்தனை பேருக்கு நல்லாப் போச்சு" என்றார்.

அன்றைக்கு நான் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். யாரையாவது நாலு வார்த்தை கேட்கவேண்டும் போல இருந்தது. யாரைக் கேட்பது? அந்தப் பையன் செய்யவேண்டியதைச் சரியாகச் செய்தான், தெளிவாகவும் சொன்னான். அந்த அம்மா மகன் நன்றாக வரவேண்டும் என்று கும்பிட்டார். எந்தத் தாய்தான் கும்பிட மாட்டாள்? இவரைக் கேட்கலாம் என்றால், இவர் அந்தப் பிள்ளைக்காகச் சொன்னார். கெட்டவர் ஒருத்தர்கூட இல்லாமல் ஒரு கை போய்விட்டது. யாராவது ஒருத்தர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். காபியைப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் அவர் வந்து உட்கார்ந்ததும் கேட்பேன். "எப்படி இருக்கு?" தினமும் ஒரே பதில், "நல்லாருக்கு." நம்புவதா வேண்டாமா என்று தெரியாது. அவர் தட்டில் சோறு பிசைகிற வேகத்தைப் பார்ப்பேன், புரண்டு படுக்கும்போது மூச்சைக் கேட்பேன். சில நாள் கெஞ்சுவேன், சில நாள் சண்டை பிடிப்பேன். "உள்ளதச் சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?" என்பேன். சிரிப்பார்.

போன வாரம் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம். பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கம்போலக் கேட்டேன்.

"வலிக்குது, இவளே" என்றார். "நல்லா வலிக்குது."

இத்தனை நாளும் இந்தப் பதிலுக்காகத்தான் சண்டை போட்டேன். இப்போது வந்துவிட்டது. வந்ததும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாத்திரை காலையிலேயே கொடுத்தாயிற்று. தேய்ப்பதற்கு ஒன்றும் பாக்கியில்லை. போய்ப் பார்ப்பதற்கு ஒரு டாக்டரும் பாக்கியில்லை. அவர் பொய் சொல்லிக்கொண்டிருந்தவரைக்கும், உண்மை தெரிந்தால் ஏதாவது செய்துவிடலாம் என்று ஒரு நினைப்பாவது எனக்கு இருந்தது.

அவருக்குப் பின்னால் போய் நின்றேன். வலது கையை முழங்கைக்குக் கீழே தாங்கிப் பிடித்து, மெதுவாகத் தூக்கினேன். அந்தக் கைக்குச் சொந்தமாக ஒரு பலமும் இல்லை; முழுக் கனமும் என் கையில் இருந்தது. உள்ளங்கையை அவர் தலைமேல் வைத்து, விழாமல் பிடித்துக்கொண்டேன். விளக்கு வைக்கிற நேரம். வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணி கையில் விளக்குமாற்றோடு நின்று எங்களைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தோள் தளர்ந்தது. தூறல் விழ ஆரம்பித்தது, நாங்கள் நகரவில்லை.

"ஒனக்குக் கை வலிக்கப்போகுது, விடு" என்றார்.

வலித்தது.

"அதெல்லாம் இல்லங்க" என்றேன்.